சாமையில் கலந்த கல்

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக நர்ஸ். ஆண்கள் பொது வார்டு. வயசானவர்கள் தனியாக வந்து படுத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறும். நாலு நாள் கழித்து மகனோ மகளோ போனைப் பார்த்துக்கொண்டே வந்து நிற்பார்கள். விடுவேனா? "கால் இப்படி வீங்கிக் கிடக்குது, எத்தினி நாளா இருக்குதுன்னு கூடவா தெரியாது? பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?" அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எனக்கு அதில் ஒரு திருப்தி. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கல்லடி பெண்ணே என்று அப்போது என் முகத்துக்கு நேராகச் சொல்ல ஆள் இல்லை.

என் அப்பாவும் அம்மாவும் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் தனியாக இருந்தார்கள். நான் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு ஓசூரில். தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில். ரோடு முடிகிற இடம் வரைக்கும் ஷேர் ஜீப் வரும், அதற்கு மேல் எங்கள் வீட்டுக்கு நடைதான். வீட்டில் போன் எடுக்காது. மேட்டில் ஒரு புளியமரம், அதன் அடியில் நின்றால் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் ஏறி வந்து அந்த மரத்தடியில் நிற்பார்கள். நான் கூப்பிடுவேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகையில் சாமை அறுத்து, பாறைக் களத்தில் அடித்து, உரலில் குத்தி, புது அரிசியை முதலில் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுவார்கள். பிள்ளைகள் ஒரு வாய் தின்ற பிறகுதான் பெத்தவர்கள் அதைத் தொடுவார்கள். பிள்ளை வயிறு குளிர்ந்தால் நிலம் குளிரும் என்பாள் அம்மா. நாங்கள் மலையை விட்டு இறங்கிய பிறகும் அவள் இதை விடவில்லை. அப்பாவின் பழைய வேட்டியில் பை தைத்து, எனக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று கட்டி, ஜீப்காரரிடம் கொடுத்து அனுப்புவாள். அவர் திருப்பத்தூரில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார், நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்வேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி, "பொங்கினியா?" நாங்கள் பொங்கித் தின்றோம் என்று சொல்கிற வரைக்கும் அங்கே புதுச் சாமை உலை ஏறாது.

அந்தப் பையை நான் வேறு ஒன்றாகவும் வைத்திருந்தேன். பை வந்தது என்றால் அப்பா ஏர் பிடித்திருக்கிறார், அம்மா களை எடுத்திருக்கிறாள், அறுத்திருக்கிறார்கள், குத்தியிருக்கிறார்கள். அப்படியானால் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு பை, மனசு நிம்மதி. நர்ஸ் கண்டுபிடித்த வைத்தியப் பரிசோதனை பாருங்கள்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "ஏர் புடிச்சா மூச்சு வாங்குதும்மா. இந்த வருஷம் முடியுமான்னு தெரில" என்றார். நான் அன்றைக்கு இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, கால் கடுத்து நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைக்கு வேறு காய்ச்சல். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "இன்னாப்பா செய்யச் சொல்றே? வேலையத் தூக்கிக் கடாசிட்டு அங்க வந்து உக்காந்துக்கட்டா? சொல்லு, நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துர்றேன். புள்ளைங்க படிப்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

அந்தப் பக்கம் அப்பா சிரித்தார். "அய்யய்யோ, அப்டி எல்லாம் பேசாதம்மா. சும்மா சொன்னேன். ஏத்தம் ஏறி வந்தேனில்ல, அந்த மூச்சு" என்றார். பத்து நிமிஷத்தில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் கோபம் அப்படித்தான், பொங்கி வரும், அடங்கிவிடும். அங்கே அது அடங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

அந்த வருஷமும் பை வந்தது. திறந்தால் சாமை வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு கல் இல்லை, ஒரு உமி இல்லை. வீட்டில் குத்திய சாமை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பழுப்பாக இருக்கும், தவிட்டு வாசனை அடிக்கும், களத்துக் கல் அங்கங்கே கிடக்கும், அரித்து அரித்துத்தான் உலையில் போட முடியும். உலக்கை பிடித்து உள்ளங்கை காய்த்து வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவள் போனில் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வாட்டி ஒரு கல்லு கூட இல்லம்மா! இந்த வயசுல எப்டி இவ்ளோ சுத்தமா பொடச்சே?"

"கண்ணு இப்ப நல்லாத் தெரியுதுடி" என்றாள் அம்மா. குரல் என்னமோ மாதிரி இருந்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் வந்த பையில் பார்த்தால் கல்லான கல். நான் பல்லைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "இன்னாம்மா இது, சாமைல கல்லா, கல்லுல சாமையா? உனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா?" அம்மா போனில் அப்படிச் சிரித்தாள். அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "நம்மூட்டுச் சாமை பின்ன எப்டிடி இருக்கும்?" என்றாள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்படுகிற ஜென்மத்தை நான் பார்த்ததில்லை என்று தம்பியிடம் சொல்லி நானும் சிரித்தேன்.

இந்த மூன்று வருஷமும் நான் மலைக்குப் போகவில்லை, தம்பியும் போகவில்லை. எழுதவே கை கூசுகிறது. லீவு இல்லை, பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு ஆபரேஷன், இப்படி ஒவ்வொரு தடவையும் ஒன்று. நடுவில் ஒரு தடவை திருப்பத்தூரில் உறவுக்காரர் கல்யாணம் வந்தபோது, "நீங்களே கீழ எறங்கி வந்துருங்க, மண்டபத்துலயே பாத்துக்கலாம்" என்று சொன்னேன். வந்தார்கள். அப்பா வாசலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர், பந்திக்கு மட்டும்தான் எழுந்தார். காலுக்கு கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். "இன்னாப்பா, மாப்பிள்ளை கணக்கா ஷூவு?" என்று கேலி செய்தேன். அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தாள். நெற்றி, கன்னம், காது. பாசம் என்று நினைத்தேன். பாசம்தான். ஆனால் பாசம் மட்டும் இல்லை.

இந்த வருஷம் பை வந்தது. வாங்கி வந்து அடுப்படியில் சிலிண்டருக்குப் பின்னால் வைத்தேன். அரிக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"பொங்கினியா?"

"பொங்கினேம்மா. புள்ளைங்க ரெண்டு தட்டு சாப்ட்டுச்சி."

"கல்லு இருந்துதா?"

"இருந்துது, இருந்துது. கொஞ்சந்தான்."

அந்தப் பக்கம் அம்மா, "இருந்துதாம்!" என்று அப்பாவிடம் சொன்னது கேட்டது. சின்னப் பொய்தானே என்று விட்டுவிட்டேன். பை கட்டிய நார்கூட அவிழ்க்காமல் அங்கேயே கிடந்தது.

தை மாதத்தில் இரண்டு ஞாயிறு தொடர்ந்து போன் எடுக்கவில்லை. முதல் ஞாயிறு எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஜீப்பில் இருந்து இறங்கி நடந்து, புளியமரத்து மேட்டைத் தாண்டினால் எங்கள் நிலம் தெரியும். தெரிந்தது. இடுப்பு உயரத்துக்கு உண்ணிச்செடி.

கிட்டப் போய் ஒரு செடியின் தண்டைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் பருமன். ஒரு வருஷத்துச் செடி இல்லை, மூன்று மழை பார்த்த செடி. மலையில் பிறந்த யாரும் தண்டைப் பிடித்தே சொல்லிவிடுவார்கள், நிலம் எத்தனை வருஷமாகத் தரிசு என்று. எனக்கும் அது மறக்கவில்லை. சாமையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவில்லை.

வாசலில் உரல் கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் ஒரு கோழி. உள்ளே அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள் அப்படித்தான் தூங்குவார்கள், எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். போர்வையை விலக்கினேன். கால் முட்டி வரைக்கும் வீக்கம். கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, விழுந்த குழி எழவே இல்லை. இருதயம் ரத்தத்தை இறைக்க முடியாமல் போய், காலில் நீர் இறங்கியிருக்கிறது. கல்யாண மண்டபத்து ஷூ ஞாபகம் வந்தது. வீக்கத்தை மறைக்கப் போட்டுக்கொண்டு வந்த ஷூ அது. அதைத்தான் நான் மாப்பிள்ளை ஷூ என்று கேலி செய்திருக்கிறேன்.

அம்மா அடுப்படியில் இருந்து, "யாரு?" என்றாள். பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றி வெள்ளை பூத்திருந்தது. "யாருங்க?" என்றாள் மறுபடியும், வேற்று ஆளிடம் கேட்கிற மாதிரி.

நான் கத்தினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. "நெலத்தத் தரிசாப் போட்டு மூணு வருஷமாச்சு! அப்ப எனக்கு வந்த சாமை எங்க வெளஞ்சிது? வானத்துலயா?" பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "நானும் எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன், பொண்ணுக்குச் சொல்லுங்கன்னு. சொன்னா இந்த வூட்டுப் படியே மிதிக்காதேன்னுட்டாரு உங்கப்பா" என்றாள்.

அம்மா தரையில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "கட சாமைதான்டி. ஊர்ல வாங்குனா உன் காதுக்கு வந்துரும்னு, உங்கப்பா ஜீப் புடிச்சிக் கீழ போய் வாங்கியாந்தாரு. பிளாஸ்டிக் பாக்கெட்டப் பிரிச்சி வேட்டிப் பையில கொட்டிக் கட்டுனேன். மொத வருஷம் நீ கல்லே இல்லன்னியா, எனக்குத் திக்குனு ஆயிடுச்சி. நீ கண்டுபுடிச்சிட்டியோன்னு நெனச்சேன். அதான் அடுத்த வருஷம் கல்லு பொறுக்கிக் கலந்தேன்."

"கல்லு எங்கேருந்து பொறுக்குனே? உனக்குத்தான் கண்ணே தெரிலயே!"

"ரோடு போட ஜல்லி கொட்டி வெச்சிருந்தாங்க இல்ல, அங்க ஒக்காந்து தடவித் தடவி எடுத்தேன். பெருசு இருந்தா உன் பல்லு ஒடஞ்சிரும்னு சின்னச் சின்னதா பாத்துத்தான் எடுத்தேன். இந்த வருஷமும் போட்டேன். இருந்துதுன்னு நீ சொன்னப்போ உங்கப்பாவுக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா."

அவிழ்க்காத பையில் கல் இருந்தது என்று சொன்னவள் நான்.

"ஏம்மா இப்டிப் பண்ணீங்க?" என்றேன்.

அப்பா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்கு நடுவில் அவர்தான் பதில் சொன்னார். "நீதானம்மா சொன்னே. முடிலன்னா வேலைய வுட்டுட்டு வந்துர்றேன்னு. எங்கனால உன் புள்ளைங்க படிப்பு கெடக் கூடாதில்ல."

எழுந்து வெளியே போய் அந்தக் கவிழ்ந்த உரலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் வாயைக் கிழித்துப் போட்டால் என்ன என்று இருந்தது. பத்து நிமிஷத்துக் கோபம். அதை அவர் மூன்று வருஷம் நம்பியிருக்கிறார்.

ஊர்க்காரர்கள் கம்பில் போர்வை கட்டி டோலியாக அவரைச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கீழே ஆக்ஸிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் ஓசூருக்கே, என் வார்டுக்கே கொண்டுவந்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி பேப்பரோடு வந்தாள். நான்தான் அவளுக்கு வேலை பழக்கியவள். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டே, நான் சொல்லிக்கொடுத்த கேள்வியை அப்படியே கேட்டாள். "கால் வீக்கம் எத்தனை நாளா இருக்குது, சிஸ்டர்?"

எனக்குத் தெரியவில்லை. பதினாறு வருஷமாக மற்றவர்களைக் கேட்டு அவமானப்படுத்திய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வார்டில் எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அப்பா மூக்கில் இருந்த மாஸ்க்கை விலக்கினார்.

"ஒரு வாரந்தாம்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். "வந்த ஒடனே எம்பொண்ணு ஓடியாந்துடுச்சி. அதும் பேர்ல ஒண்ணும் தப்பில்ல."

அந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றினார். "பொய்ம்மா, எழுதாத. மூணு வருஷம்னு எழுது" என்றேன். அப்பா என்னைப் பார்த்து முறைத்தார். சின்ன வயதில் நான் வெளியாள் முன்னால் துடுக்காகப் பேசினால் முறைப்பாரே, அதே முறைப்பு.

தம்பி வந்து சேர்ந்தான். டாக்டர்கள் குறை வைக்கவில்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே நடமாடியிருப்பார் என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு அந்த மாத்திரையை நானே கையில் கொடுத்திருக்கிறேன். நாலாம் நாள் காலையில் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தெளிவாக இருந்தார். என் கையைப் பிடித்தார்.

"கட சாமைதான். இருந்தாலும் நீ பொங்கித் தின்னியே, அதுவே போதும்மா" என்றார். "நெசமா பொங்கினியா?"

நான் அவர் கண்ணைப் பார்த்து, "பொங்கினேம்ப்பா" என்றேன்.

"அப்ப சரி" என்றார். மத்தியானம் போய்விட்டார்.

மலைக்குக் கொண்டுபோனோம். எங்கள் பக்கம் சொந்த நிலத்தில்தான் புதைப்பார்கள். இடம் எங்கே? ஊர் ஆண்கள் எல்லாரும் கத்தி எடுத்து வந்து உண்ணிச்செடியை வெட்டினார்கள். வேரோடு பிடுங்கினார்கள். தம்பி மண்வெட்டி பிடித்துக் கையெல்லாம் கொப்புளம். மூன்று வருஷம் கழித்து அந்த நிலத்தில் மண் தெரிந்தது. அவர் உயிரோடு இருக்கும்போது இத்தனை பேரும், நாங்கள் இரண்டு பேரும், ஒரே ஒரு நாள் வந்து இதைச் செய்திருக்கலாம்.

காரியம் முடிந்து அம்மாவை ஓசூருக்குக் கூட்டி வந்தேன். கண் ஆபரேஷனுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. ஹாலில் சுவரைத் தடவி உட்கார்ந்தவள், சோறு போட்டால் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். "எறங்கலடி" என்பாள். மூன்றாம் நாள் நான் அடுப்படிக்குப் போய் சிலிண்டருக்குப் பின்னால் கையை விட்டுப் பையை எடுத்தேன். நாரை அவிழ்க்கிற சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னாடி அது?"

சொல்லத்தான் வேண்டும். "சாமைம்மா. இந்த வருஷத்துது. நான் பொங்கல. உங்கிட்டயும் பொய் சொன்னேன், அப்பாகிட்டயும் பொய் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஏங்கினேன். "வேலையில மறந்திருப்பே" என்றாள் கடைசியில். "பொங்கு."

தட்டில் பரப்பி ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினேன். எல்லாம் கடுகு அளவு, மிளகு அளவு. பல் உடையாத அளவு. கண் தெரியாதவள் விரலால் அளந்து எடுத்தவை. அவற்றைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, ஒரு டம்ளரில் போட்டு வைத்தேன். அரித்துப் பொங்கி, இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

அம்மா தட்டில் கை வைக்கவில்லை.

"சாப்பிடும்மா."

"நீ மொதல்ல சாப்டு" என்றாள்.

"அது கட சாமைம்மா. அதுக்கு ஏது வழக்கம்?"

"நீ சாப்டுடி."

உருட்டி வாயில் வைத்தேன். எவ்வளவு பொறுக்கியும் ஒன்று தப்பியிருந்தது. நறுக்கென்று கடிபட்ட சத்தம் அவளுக்கும் கேட்டது. பதறிப்போய் என் வாய்க்கு நேராகக் கையை ஏந்தினாள், சின்னப் பிள்ளைக்கு ஏந்துகிற மாதிரி.

"துப்பிடுடி, துப்பிடு."

நான் துப்பவில்லை. சோற்றோடு சேர்த்து முழுங்கிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, இப்ப நீ சாப்பிடு" என்றேன்.